கோலம் பெறுமுன் தோன்றும் பக்கம்: இணையத் தமிழின் முதற்காட்சி வரலாறு

தெருக்கூத்தில் வேடம் பூண்டவர் அரங்கினுள் திடுமென வந்து நிற்பதில்லை. இருவர் திரைச்சீலை ஒன்றைப் பிடித்து நிற்பர். வேடத்தார் அதன் பின்னே நின்று, தாம் இன்னார் என்பது விளங்கப் பாடுவார். குரல் முதலிற் கேட்கும். முடியும் அணியும் பின்னர்த் தெரியும். திரை விலகுமுன் அரை வேடத்தோடு ஒருவர் அவையோர் கண்ணிற் பட்டுவிட்டால் கூத்தின் சுவை கெடும். திரை விலகவே இல்லையெனின் கூத்தே இல்லை. இவ்விரு குறைகட்கும் இடமின்றிக் காலம் அறிந்து திரையை விலக்குவதே கூத்தின் நுட்பம். மலாயாத் தோட்டங்களில் திருவிழா இரவுகளிற் கூத்துப் பார்த்த பழந்தலைமுறையினர்க்கு இது நன்கு தெரிந்த செய்தி.

இக்காலத்து இணையப் பக்கங்களுக்கும் இவ்விரு குறைகளும் உண்டு. பக்கம் ஒன்றைத் திறந்தவுடன் சொற்கள் மட்டும் கறுப்பும் வெள்ளையுமாய், ஒன்றன்கீழ் ஒன்றாய், ஒழுங்கின்றி ஒரு கணம் தோன்றும். அடுத்த கணத்தில் நிறமும் அளவும் இடமும் பெற்றுப் பக்கம் வேறாகி விடும். அரை வேடத்தோடு கண்ணிற் பட்ட கூத்தரின் நிலை இது. சில பக்கங்களோ, ஒப்பனைப் பொருள்கள் யாவும் வந்து சேரும்வரை வெறுந்திரையையே காட்டி நிற்கும். இது விலகாத திரையின் நிலை. கோலம் பெறாத இந்தத் தோற்றத்தைத் தடுப்பது எவ்வாறு என்பது உலகெங்கும் இணையப் பக்கம் அமைப்போர் எதிர்கொண்ட வினா. தமிழர்க்கு அது வேறொரு முகமும் காட்டியது. ஆங்கிலப் பக்கம் கோலமின்றித் தோன்றினால் அழகு மட்டுமே குறையும். தமிழ்ப் பக்கம் கோலமின்றித் தோன்றியபோது பல்லாண்டுகள் தமிழே மறைந்து போயிற்று. அவ்வரலாற்றை அறிந்தாலன்றி இன்றைய தீர்வுகளுள் எது தமிழுக்குப் பொருந்தும் என்பது விளங்காது.

பேராக் நிலமும் செய்தி வரும் வழியும்

இவ்வினாவின் முழு எடையையும் உணர்வதற்குப் பேராக் மாநிலம் தக்க களம். 1877இல் ஹியூ லோ என்னும் ஆங்கில ஆட்சியாளர் கோலகங்சாரில் நட்ட இரப்பர்க் கன்றுகள் மலாயாவில் முதன்முதல் வேரூன்றியவற்றைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்று இன்றும் அங்கு முதுமரமாய் நிற்கிறது. தீபகற்பத்தின் முதல் இருப்புப் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை அமைந்ததும் இம்மாநிலத்தில்தான். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயமும் மலையடிவாரத்துப் பால்மரமும் தமிழ்த் தொழிலாளரை இங்குக் கொணர்ந்தன. ஈப்போ நகரம் வளர்ந்தது. அதனைச் சூழ்ந்து சுங்கை சிப்புட் முதலிய வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின.

நகரத்துக்கு விரைந்து வந்த எதுவும் தோட்டத்துக்குச் சற்றுத் தாழ்த்தே வந்து சேர்ந்தது. அஞ்சல், செய்தித்தாள், மின்விளக்கு, தொலைபேசி என இவ்வரிசையைக் காணலாம். பின்னர் இரப்பரின் இடத்தைச் செம்பனை கைக்கொண்டது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. மக்கள் நகரங்களை நோக்கி நகர்ந்தனர். துண்டாடலைத் தடுக்கச் சுங்கை சிப்புட்டிற் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும் இவ்வரலாற்றின் ஒரு கூறே. ஆயினும் பள்ளிகள் பல எஞ்சி நின்றன. மலேசிய மாநிலங்களுள் தமிழ்ப்பள்ளிகள் மிகுதியாக உள்ளது பேராக்கில்தான்.

2020 மார்ச்சு 18ஆம் நாள் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, கைப்பேசியே வகுப்பறையாயிற்று. நகரத்துப் பிள்ளைக்கு ஒரு நொடியில் விரிந்த பாடப் பக்கம், அலைவீச்சு மெலிந்த தோட்டப்புறத்தில் பல நொடிகள் தாழ்த்தே விரிந்தது. விரைந்த இணைப்பில் கண்ணுக்குத் தெரியாமற் போகும் இடைக்கணம், மெலிந்த இணைப்பில் நீண்டு நின்று குறைகளையெல்லாம் காட்டி விடுகிறது. அவ்விடைக் கணத்தில் பிள்ளை காண்பது தமிழா, வெறுமையா, குழப்பமா என்பது பக்கத்தை அமைத்தவர் செய்த முடிவைப் பொறுத்தது. ஆகவே இஃது அழகு பற்றிய வினா மட்டுமன்று. படிக்கும் வாய்ப்புப் பற்றிய வினாவுமாகும்.

பக்கம் உருவாகும் முறை

டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் முன்மொழிந்த வலையமைப்பு, 1991இல் வெளியுலகுக்கு வந்தது. தொடக்க காலப் பக்கங்களில் சொல்லும் தலைப்பும் இணைப்புமே இருந்தன. தோற்றத்தை உலாவியே தன் போக்கில் அமைத்துக்கொண்டது. பின்னர்ப் பக்கம் அமைப்போர் எழுத்தின் நிறத்தையும் அளவையும் தாமே வகுக்க விரும்பினர். இதற்கெனப் பாணித்தாள் என்னும் தனி ஏடு ஒன்றை 1994 அக்டோபரில் நார்வே நாட்டவரான ஹோகோன் வியூம் லீ முன்மொழிந்தார். சி.எஸ்.எஸ். என வழங்கும் அம்முறை 1996 டிசம்பரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று.

இதனால் விளைந்த பயன் பெரிது. பொருள் ஓரேட்டிலும் கோலம் மற்றோரேட்டிலும் நின்றன. ஒரே பாணித்தாளைக் கொண்டு நூறு பக்கங்களை ஒப்பனை செய்யலாம். பாணித்தாளை மாற்றினால் நூறு பக்கங்களும் ஒருங்கே மாறும். ஆயினும் பொருளும் கோலமும் பிரிந்தமையால் அவை வந்து சேரும் காலமும் பிரிந்தது. உலாவி முதலிற் பக்கத்தின் சொற்களைப் பெறுகிறது. அவற்றைப் படித்துச் செல்கையில், 'இப்பக்கத்திற்கு இன்ன பாணித்தாள் உரியது' என்னும் குறிப்பைக் காண்கிறது. அதன் பின்னரே அத்தாளை வழங்கிக் கணினியிடம் கேட்டுப் பெறுகிறது. குறிப்பு பக்கத்தின் தலைப்பகுதியில் இருப்பின், தாள் வரும்வரை உலாவி ஒன்றையும் வரையாமற் பொறுத்திருக்கும். குறிப்பு பிந்தி வந்தாலோ, நிரல் ஒன்றால் பின்னர்ச் சேர்க்கப்பட்டாலோ, உலாவி கையிலுள்ள சொற்களை வரைந்துவிடும். தாள் வந்ததும் மீண்டும் வரையும். இரண்டு வரைவுகட்கும் இடைப்பட்ட கணமே கோலமற்ற தோற்றம்.

2001ஆம் ஆண்டளவில் இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியில் இக்குறை மிகுதியாகக் காணப்பட்டு, இதற்கெனத் தனிப்பெயரும் ஏற்பட்டது. பாணித்தாளைத் தலைப்பகுதியில் நேரே இணைத்தால் குறை பெரும்பாலும் நீங்கும் என்பதும் அப்போதே கண்டறியப்பட்டது. ஆங்கிலம் முதலிய உரோமன் எழுத்து மொழிகட்கு இவ்வளவோடு கதை ஏறத்தாழ முடிந்தது. தமிழுக்கோ அதற்கு முன்பே வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது.

எழுத்துருவே தமிழாய் இருந்த காலம்

அக்காலக் கணினி ஓர் எழுத்தைக் குறிக்க 256 எண்களையே கொண்டிருந்தது. அவற்றின் முற்பாதி ஆங்கிலத்திற்கு உரியது. தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். கிரந்த எழுத்துகள் வேறு. கொம்பையும் காலையும் தனித்தனி வடிவங்களாகப் பிரித்துக்கொண்டால் தமிழைச் சிற்றிடத்தில் அடக்கலாம் என்று கண்ட எழுத்துரு வல்லுநர்கள், ஆங்கில எழுத்தின் எண்ணிலேயே தமிழ் வடிவத்தை வைத்தனர். ஏட்டில் உள்ளது ஆங்கில எழுத்து; கண்ணுக்குத் தெரிவது தமிழ் எழுத்து. இரண்டையும் இணைத்தது எழுத்துரு ஒன்றே.

சான்றாகப் பாமினி எழுத்துருவைக் கொள்ளலாம். அம்முறையில் 'தமிழ்' என்னும் சொல்லை எழுதினால் ஏட்டிற் பதிவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. படிப்பவரின் கணினியில் பாமினி இருந்தால் அது 'தமிழ்' எனத் தோன்றும். இல்லையேல் பொருளற்ற ஆங்கிலக் கோவையே தோன்றும். பாமினி இருந்தாலும், பக்கம் வேறு எழுத்துருவில் அமைந்ததாயின் வேறு வகைக் குழப்பம் உண்டாகும். தமிழ் நாளிதழ்கள் பல தத்தமக்கெனத் தனி எழுத்துருக்களை வைத்திருந்தமையால், நான்கு இதழ்களைப் படிக்க விரும்பியவர் நான்கு எழுத்துருக்களைத் தம் கணினியில் நிறுவ வேண்டியிருந்தது. 'எழுத்துருவை இங்கே இறக்கிக்கொள்க' என்னும் ஆங்கில வரி தமிழ்ப் பக்கங்களின் உச்சியில் நின்றது. தமிழைப் படிக்கவே ஆங்கில அறிவிப்பு வாயிலாயிற்று.

இக்காலத்தில் முன்னோடிகளாய் உழைத்தவர்களுள் இருவர் மலாய் உலகத்தைச் சேர்ந்தவர்கள். சிங்கப்பூர் ஆசிரியப் பேராளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி, கணியன் என்னும் தமிழ் முறையை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று நான்கு மொழிகளில் வலையேறியபோது, அதன்வழித் தமிழும் வலையில் இடம்பெற்றது. வலையில் தமிழ் தோன்றிய தொடக்க நிகழ்ச்சியாக இது பொதுவாகக் கொள்ளப்படுகிறது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சல், தமிழை எழுதவும் காட்டவும் பலர்க்குக் கருவியாய் அமைந்தது. ஆப்பிள் கணினிகளில் உள்ள தமிழ் எழுத்துருப் பெயர்களின் ஈற்றில் வரும் எம், என் என்னும் இரண்டு எழுத்துகள் அவர் பெயரின் முதலெழுத்துகளே.

பல்வேறு எழுத்துருக்களால் விளைந்த குழப்பத்தைத் தீர்க்க இரண்டு வழிகள் முயலப்பட்டன. முதலாவது, எல்லாரும் ஒரே குறியாக்கத்தைக் கைக்கொள்ளுதல். பல நாட்டுத் தமிழறிஞர் கலந்துரையாடி வகுத்த டிஸ்கி முறையும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் முறைகளும் இவ்வழியின. இரண்டாவது, எழுத்துருவையும் பக்கத்தோடு சேர்த்தே அனுப்புதல். 1997இல் வந்த நெட்ஸ்கேப், இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஆகிய உலாவிகளின் நான்காம் பதிப்புகள் இதற்கு இடந்தந்தன. இயங்கு எழுத்துரு எனப்பட்ட இம்முறை தமிழ்ப் பக்கங்களுக்குப் பேருதவியாயிற்று. ஆனால் இரு நிறுவனங்களும் இரு வேறு வடிவங்களை வகுத்திருந்தமையால் ஒன்றிற் படித்தது மற்றொன்றிற் படியவில்லை.

அன்றியும், எழுத்துரு வந்து சேரும் காலம் ஒன்று இருந்தது. தொலைபேசி வழி இணைப்பின் மேல்வரம்பு அக்காலத்தில் நொடிக்கு 56 கிலோபிட். 100 கிலோபைட் அளவுள்ள ஓர் எழுத்துரு அவ்வழியில் வந்து சேரக் குறைந்தது 14 நொடிகள் ஆகும். அந்த இடைவேளையில் படிப்பவர் கண்டது தமிழன்று. ஆங்கில எழுத்துகளின் குவியல். உரோமன் எழுத்துப் பக்கத்தில் சற்றே கலைந்த தோற்றமாக இருந்த குறை, தமிழ்ப் பக்கத்தில் மொழியே இல்லாத தோற்றமாக இருந்தது. சிலர் எழுத்துகளையெல்லாம் படமாக்கி அனுப்பினர். படத்தில் தமிழ் தவறாது தெரிந்தது; ஆனால் அதனைத் தேடவோ, படியெடுக்கவோ, பெரிதாக்கிப் படிக்கவோ இயலாது போயிற்று.

ஒருங்குறி செய்த மாற்றம்

1991இல் வெளியான யூனிகோடு என்னும் ஒருங்குறி, உலக எழுத்துகள் யாவற்றுக்கும் தனித்தனி எண்களை வகுத்தது. தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனிப்பகுதி கிடைத்தது. அதன்பின் 'த' என்பதற்கு உரிய எண் 'த' ஒன்றற்கே உரியதாயிற்று. அதனை ஆங்கில எழுத்தென்று எக்கணினியும் மயங்க இடமில்லை.

ஆயினும் எண் மட்டும் போதாது. 'கெ' என்பதை ஒருங்குறி முதலில் ககரமாகவும் பின்னர்க் கொம்பாகவும் பதிவு செய்கிறது. கண்ணுக்குத் தெரியும்போதோ கொம்பு முன்னும் ககரம் பின்னும் நிற்றல் வேண்டும். இவ்விடமாற்றத்தைச் செய்யும் திறன் கணினிக்கு இல்லையெனின் கொம்பு ககரத்தின் பின்னே புள்ளிவட்டத்தோடு தனித்து நிற்கும். எழுத்துருவே இல்லையெனின் கட்டம் கட்டமாகத் தோன்றும். விண்டோஸ் 2000 பதிப்பு லதா என்னும் தமிழ் எழுத்துருவோடும் இத்திறனோடும் வந்த பின்னரே ஒருங்குறித் தமிழ் பொதுமக்கள் கணினியில் இயல்பாகத் தோன்றத் தொடங்கியது. கைப்பேசிகளில் இந்நிலை வர மேலும் பல்லாண்டுகள் ஆயின. தமிழ்நாட்டரசு 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டுக் காலத்தில் ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது.

இம்மாற்றத்திற்கு ஒரு விலையும் இருந்தது. பாமினி முறையில் 'தமிழ்' என்னும் சொல் 5 பைட்டுகளில் அடங்கும். வலையில் வழங்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள் வேண்டும். தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகட்கும் 15 பைட்டுகள் ஆகும். மும்மடங்கு சுமை ஏறியது எனினும் கிடைத்த பயன் அதனினும் பெரிது. ஒப்பனை ஒன்றும் இல்லாத வெற்றுப் பக்கமும் இனித் தமிழாகவே தோன்றும். திரைக்குப் பின்னிருந்து வரும் குரல் எல்லார்க்கும் கேட்கலாயிற்று. ஒருங்குறியின் சிறப்பாகத் தேடுதலும் வரிசைப்படுத்தலும் அடிக்கடி பேசப்படும். முதற்கணத்திலேயே தமிழ் தமிழாய் நின்ற இச்சிறப்பு அத்துணை பேசப்படுவதில்லை.

அழகு எழுத்துருவும் பழைய இடரின் மீட்சியும்

ஒருங்குறிக்குப் பின் இவ்விடர் ஒழிந்தது என்று கருதியிருந்தபோது, அது மற்றோர் உருவில் மீண்டது. 2008இல் சஃபாரியும் 2009இல் பயர்பாக்ஸும் வலையிலிருந்து எழுத்துருவை இறக்கிப் பயன்படுத்தும் வசதியைத் தந்தன. அதற்கென வாஃப் என்னும் சுருங்கிய வடிவம் 2012இல் தரமாயிற்று. பக்கம் அமைப்போர் தமிழுக்கும் அழகிய எழுத்துருக்களைத் தேடி இணைக்கத் தொடங்கினர்.

எழுத்துரு வந்து சேரும்வரை உலாவி என்ன செய்வது? இதற்கு இரண்டு விடைகள் தோன்றின. பயர்பாக்ஸ் முதலில், கணினியில் உள்ள எழுத்துருவால் சொற்களைக் காட்டிப் பின்னர் மாற்றியது. சஃபாரி, எழுத்துரு வரும்வரை சொற்களை மறைத்தே வைத்தது. முன்னதில் எழுத்து கண்முன்னே உருமாறும். பின்னதில் வெற்றிடம் மட்டும் தெரியும். உருமாற்றம் கண்ணை உறுத்துகிறது என்று பலரும் குறைகூறவே, பயர்பாக்ஸும் பிற்பதிப்புகளில் மூன்று நொடிவரை மறைத்து வைக்கும் முறைக்கு மாறியது. கண்ணுறுத்தல் நீங்கியது. ஆனால் மெலிந்த இணைப்பிற் படிப்பவர், சொற்கள் தம் கைப்பேசிக்கு வந்து சேர்ந்த பின்னும் அவற்றைக் காண முடியாது காத்திருந்தார்.

விரைந்த இணைப்புடைய நகரத்தார்க்கு மறைத்தல் நன்று. அவர் மறைவையே உணரார். தோட்டப்புறத்தார்க்கோ காட்டுதலே நன்று, உருமாறினும் படிக்கலாம். அழகைக் காக்க எழுந்த முறையின் சுமை, இணைப்பு மெலிந்தவர் மேலேயே விழுந்தது. 2017 முதல் உலாவிகள் இத்தேர்வைப் பக்கம் அமைப்பவர் கையிலேயே விட்டுள்ளன. ஃபாண்ட்-டிஸ்ப்ளே என்னும் கட்டளையில் 'ஸ்வாப்' என்று குறித்தால் சொற்கள் உடனே தோன்றி, எழுத்துரு வந்ததும் மாறும். 'ஆப்ஷனல்' என்று குறித்தால், எழுத்துரு மிக விரைவில் வந்தாலன்றி அம்முறைக்கு அது வேண்டாவென்று உலாவி விட்டுவிடும். படிக்கும்போது இடையில் மாற்றம் நேராது.

தடுக்கும் வழிகளும் அவற்றின் தகுதியும்

கோலமற்ற தோற்றத்தைத் தடுக்க வழங்கும் வழிகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, முழுப்பக்கத்தையும் மறைத்து வைத்து, யாவும் வந்தபின் நிரல் ஒன்றால் வெளிப்படுத்துவது. செய்வதற்கு இது மிக எளிது. ஆனால் அந்நிரல் வரத் தவறினால் பக்கம் என்றும் வெளிப்படாது. 2015இல் கூகுள் அறிமுகப்படுத்திய விரைவுப் பக்க முறையிலும் மறைக்கும் ஏற்பாடு உண்டு. எனினும் நிரல் வாராவிடினும் 8 நொடிக்குப் பின் பக்கம் தானே வெளிப்படுமாறு பாணித்தாளிலேயே வழிசெய்திருந்தனர். மறைப்பவர் வெளிப்படுத்தும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று. அவ்வாறாயினும் 8 நொடி என்பது படிக்க வந்தவர்க்கு நீண்ட காலமே.

இரண்டாவது, முதற்காட்சிக்கு வேண்டிய ஒப்பனையை மட்டும் பக்கத்தின் தலைப்பகுதியிலேயே எழுதி, எஞ்சியதைப் பின்னர் வருவிப்பது. இதன் அடிப்படை, வலையில் ஏடுகள் பயணம் செய்யும் முறையில் உள்ளது. வழங்கிக் கணினி முதற்றவணையில் பத்துச் சிப்பங்கள் அளவே அனுப்பி, அவை சேர்ந்தன என்ற விடை வந்தபின் அடுத்த தவணையை அனுப்புவது 2013 முதல் பெருவழக்காயிற்று. பத்துச் சிப்பங்களில் ஏறத்தாழ 14,600 பைட்டுகள் அடங்கும். சுருக்காமல் அனுப்பினாலும் இது 4,800 தமிழ்க் குறிகட்கு இடந்தரும். சுருக்கி அனுப்பினால் அதனினும் மிகுதி. பாடத்தின் தலைப்பும் முதற்பத்திகளும் அவற்றிற்கு வேண்டிய எளிய ஒப்பனையும் முதற்றவணையிலேயே வந்துவிடுமாறு அமைக்க இயலும் என்பது இக்கணக்கால் விளங்கும். வேடம் முழுமை பெறாவிடினும், முதலில் தெரியும் முகத்திற்குரிய ஒப்பனை முன்னரே முடிந்திருக்கும்.

மூன்றாவது, முதலில் தோன்றுவதையும் பின்னர்த் தோன்றுவதையும் ஒத்த அளவினவாகச் செய்வது. தமிழ் எழுத்துருக்கள் அகலத்தில் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடும். ஓர் எழுத்துருவில் பத்து வரியாய் நின்ற பத்தி மற்றொன்றிற் பன்னிரண்டு வரியாகலாம். மாற்றம் நிகழும்போது படித்துக்கொண்டிருந்த வரி கண்ணிலிருந்து நழுவி விடும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுபிள்ளை மீண்டும் தன் வரியைத் தேட வேண்டும். 2021 முதல், கணினியில் உள்ள எழுத்துருவின் அளவைச் சற்றே கூட்டியோ குறைத்தோ, வரவிருக்கும் எழுத்துருவோடு பொருத்தும் கட்டளை உலாவிகளில் இடம்பெறலாயிற்று. அதனைக் கைக்கொண்டால் மாற்றம் நிகழ்ந்தும் நிகழாதது போலத் தோன்றும். படங்கட்குரிய நீள அகலங்களை முன்னரே குறித்து வைப்பதும் இவ்வழியைச் சேர்ந்ததே.

இவற்றுள் முதல்வழி, குறையைக் காணாதபடி திரையிடுகிறது. பின்னிரு வழிகளும் குறை தோன்றாதபடி ஒழுங்கு செய்கின்றன. தமிழ்ப் பக்கத்திற்குப் பின்னிரு வழிகளே உரியன எனலாம். எழுத்துரு இன்றித் தமிழ் இல்லை என்றிருந்த காலத்தில், எழுத்துரு வரும்வரை பக்கத்தை மறைப்பதில் ஒரு ஞாயம் இருந்தது. மறைக்காவிடின் தெரிவது குப்பையே. ஒருங்குறி வந்தபின் அந்த ஞாயம் இல்லை. இன்றைய கைப்பேசிகளும் கணினிகளும் தமிழ் எழுத்துருவோடே வருகின்றன. அவ்வாறிருக்க, அணிகலன் வரவில்லை என்பதற்காகத் தமிழை மறைத்து வைத்தல் பழைய இடரை வலிந்து அழைப்பதாகும்.

ஆசிரியர்க்கு உரியன

இணையப் பக்கம் அமைப்பது இன்று பொறிஞர்க்கு மட்டும் உரிய தொழிலாக இல்லை. பள்ளிக்கென வலைத்தளம் வைப்போரும், பயிற்சித்தாள்களையும் கதைகளையும் பக்கமாக்கி மாணவர்க்கு அனுப்புவோரும் ஆசிரியர்களே. 1922இல் தஞ்சோங் மாலிமில் தொடங்கிய சுல்தான் இட்ரிசு பயிற்சிக் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாய் வளர்ந்து தமிழ்க் கல்வியையும் கற்பிக்கிறது. ஈப்போவை அடுத்த உலு கிந்தாவில் உள்ள ஆசிரியர் கல்விக் கழகமும் தமிழாசிரியரைப் பயிற்றுகிறது. பேராக் மாநிலத்தின் இவ்விரு நிலையங்களிலிருந்தும் புறப்படும் ஆசிரியருட் பலர் தோட்டப்புறப் பள்ளிகட்குச் செல்வர்.

மாணவர்க்கெனப் பக்கம் அமைப்போர் நினைவிற் கொள்ளத்தக்கன சில. ஒருங்குறியில் எழுதுதல் வேண்டும். பழைய எழுத்துருக்களில் உள்ள பாடங்களை மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். சொற்களைப் படமாக்கி அனுப்புதல் கூடாது. அழகு எழுத்துரு வேண்டுமாயின் ஒன்றோடு அமைதல் நலம். பருமை, மென்மை, சாய்வு எனப் பலவற்றைச் சேர்த்தால் ஒவ்வொன்றும் தனிச்சுமையாகும். சொற்கள் உடனே தோன்றுமாறு கட்டளை இருத்தல் வேண்டும். இவையனைத்தையும் செய்தபின், விரைவு குறைந்த இணைப்பில், பழைய கைப்பேசி ஒன்றில், அப்பக்கத்தைத் தாமே திறந்து பார்த்தல் வேண்டும். உலாவிகளிலேயே இணைப்பின் விரைவைக் குறைத்துப் பார்க்கும் வசதியும் உண்டு. முதல் மூன்று நொடிகளில் என்ன தெரிகிறதோ, அதுவே தோட்டத்துப் பிள்ளை காணும் பாடம்.

மலேசியாவில் 3ஜி அலைவரிசை 2021ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டு, 4ஜி சேவை விரிவாக்கப்பட்டது. இணைப்பு விரைவு பெறப்பெற இவ்விடர் தானே ஒழியும் என்று கருதுவோரும் உளர். வரலாறு அவ்வாறு காட்டவில்லை. விரைவு கூடியபோதெல்லாம் பக்கங்களின் சுமையும் கூடியே வந்துள்ளது. 14 நொடி காத்திருந்த காலம் மாறி மூன்று நொடியாயிற்று. ஆனால் அம்மூன்று நொடியில் தெரிவது சொல்லா வெறுமையா என்பதை இன்றும் பக்கத்தை அமைப்பவரே முடிவு செய்கிறார். கூத்தில் திரை பிடிப்பவர்க்கும் இத்தகைய பொறுப்பு உண்டு. அவர் பிடித்திருக்கும் சீலை வேடத்தை மறைக்கலாம். குரலை ஒருபோதும் மறைப்பதில்லை.